ஏழாவது கிட்டாரை எடுத்தது பற்றி

பெயரும் முகவரியும் முதல் தாளில் கண்டபடி. வயது இருபத்து நான்கு. இசைப்பள்ளி அலுவலகத்தில் இரண்டு வருடமாகத் தட்டச்சு வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்.

பழைய கிட்டார்கள் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. வாசிக்கத் தெரியாது. ஏழு உள்ளன, கம்பிகளைத் தளர்த்தி, துணி சுற்றி, கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன். "நகை சேக்கற வயசுல கட்டை சேக்கறா" என்று அம்மா எல்லோரிடமும் சொல்வார். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம் உண்டு. உள்ளே ஒட்டிய சீட்டிலுள்ள எண், கீறல் இருக்கும் இடம், எங்கே எடுத்தது என்று எழுதுவேன்.

ஏழாவது, பள்ளியுடையது. கழுத்தில் விரிசல் விட்டதால் கழித்துவிட்டார்கள் என்று சொல்லி, கிட்டார் மாஸ்டர்தான் எனக்கு விற்றார். ரசீது கேட்கக் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றேன். அவராகவே, "நமக்குள்ள என்னம்மா ரசீது?" என்றார். அன்றே நோட்டில் 'பள்ளியில் எடுத்தது' என்று எழுதினேன்.

அதன் பிறகு, சென்ற திங்கட்கிழமை பள்ளியில் பொருட்பட்டியலைச் சரிபார்த்தபோது அந்தக் கிட்டார் இல்லை என்று தெரிந்து, மாஸ்டரைக் கேட்டதற்கு அவர் யாருக்கும் விற்கவில்லை என்று சொல்லிவிட்டதால், நான் கிட்டார் சேர்ப்பது தெரிந்த போலீசார் எங்கள் வீட்டுக்கு வந்து ஏழு கிட்டார்களையும் நோட்டையும் என்னையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார்கள்.

அதன் பிறகு உதவி ஆய்வாளர் நோட்டில் 'பள்ளியில் எடுத்தது' என்ற வரியைக் காட்டினார். சேலையோ மிக்சியோ வண்டியோ, எதை வாங்கினாலும் எங்கள் வீட்டில் எடுத்தோம் என்றுதான் சொல்வோம் என்றேன்.

"கடையில எடுத்தா வாங்கினது. ஸ்கூல்ல எடுத்தா?"

மற்ற ஆறு பக்கங்களிலும் அதே சொல் இருப்பதைக் காட்டினேன்.

"அப்ப ஏழுமே எடுத்ததா?" என்றார். எழுத்தர் சிரித்தார்.

அம்மா வெளியே பெஞ்சில் இருக்கிறார், அவரைக் கேளுங்கள் என்றேன். "சரி. உங்கம்மா வாயில அந்த வார்த்தை வந்தா கேஸ் இல்ல. ஆனா நீ வாயத் திறக்கக் கூடாது" என்றார்.

அம்மா உள்ளே வந்து, உட்காரச் சொல்லியும் நின்றார். இருப்பதில் நல்ல சேலையைக் கட்டியிருந்தார். அது வந்த அன்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய் "எடுத்தேன், எடுத்தேன்" என்று காட்டிவிட்டு வந்தவர்.

"இந்தச் சேலை ஏதும்மா?" என்று உதவி ஆய்வாளர் மரியாதையாகவே கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தார். வாசலில் காவலர் ஒருவர் அவரிடம், "உங்க பொண்ணு கிட்டாரை எடுத்துட்டா" என்று சொல்லியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"வாங்கினதுங்க சார். எங்க வீட்ல யாரும் எதையும் எடுக்க மாட்டாங்க."

எழுத்தர் அதைத் தனித்தாளில் எழுதினார். அதன் பிறகு அம்மா அதில் கைநாட்டு வைத்து, விரலைத் துடைத்துக்கொண்டே என் காதருகில் வந்து, "சரியாச் சொன்னேன்ல பாப்பா?" என்று கேட்டார்.

"சரியாச் சொன்னம்மா" என்றேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதியது இது. வாசித்துக் காட்டக் கேட்டேன். கூட்டியதும் குறைத்ததும் இல்லை, அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)