எனக்கென்று ஒரு வருடச் செலவு

என் கால் அளவு ஒன்பதரை என்பது ஐம்பத்திரண்டு வயதில்தான் எனக்குத் தெரிந்தது இன்ஸ்பெக்டர் சார். அதுவரை ஒன்பதும் போட்டிருக்கிறேன், பத்தும் போட்டிருக்கிறேன், தள்ளுபடியில் எது கிடைத்ததோ அது. ஷூ கடைக்காரர் காலை அளந்துவிட்டு, "இவ்ளோ நாளா எப்படி சார் நடந்தீங்க?" என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உங்கள் மேசையில் இருக்கிற என் செலவுக் கணக்கு நோட்டின் முதல் வரி அந்த ஷூதான்.

நான் நின்றுகொண்டே பேசுகிறேன். தையல் கூடத்துத் தீயில் ஏழு பேர் செத்தார்கள், தெரிந்தே செய்தாயா என்று கேட்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன். நோட்டை வரிசையாகப் பார்த்தால்தான் என் பக்கம் புரியும்.

அப்பா போனபோது எனக்குப் பதினெட்டு, தங்கைக்கு எட்டு. அவளைப் படிக்க வைத்து, கல்யாணம் செய்து கொடுத்தேன். பிறகு என் பிள்ளைகள், வீட்டுக் கடன், மாமனாரின் ஆபரேஷன். கையில் வந்ததை அப்படியே மனைவியிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு அவளிடமே வாங்கிக்கொண்டு போனவன் நான். போன வருடம் பிறந்தநாளன்று கண்ணாடி முன்னால் நின்றபோது, இந்த ஆளுக்கு இதுவரை ஒருவரும் ஒன்றும் வாங்கித் தரவில்லையே என்று பட்டது. ஒரே ஒரு வருடம் எனக்காகச் செலவழிப்பது என்று முடிவெடுத்தேன். வீட்டுப் பணத்தில் கை வைக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். வைக்கவும் இல்லை.

தொழில் தெரியுமல்லவா, சுவரில் சிவப்பாக மாட்டியிருக்குமே தீயணைக்கிற சிலிண்டர், அதை நிரப்புவது. வருடத்துக்கு ஒரு முறை இறக்கி, பழைய பவுடரைக் கொட்டி, புதியதை நிரப்பி, அழுத்தம் ஏற்றி, தேதி அட்டை கட்டித் திரும்ப மாட்ட வேண்டும். முப்பது வருடத்தில் நான் மாட்டிய ஒன்றைக்கூட யாரும் தீயில் அடித்ததாகக் கேள்விப்பட்டதில்லை. நானே நிரப்புவேன், அடுத்த வருடம் நானே கொட்டுவேன். வீண்தானே சார்.

பவுடர் பழசானால் உள்ளேயே இறுகிப் பாறை மாதிரி ஆகிவிடும். அதைத் தொடாமல் அழுத்தத்தை மட்டும் ஏற்றினால் மீட்டர் முள் பச்சையில் நிற்கும். தூக்கிப் பார்த்தால் எடையும் சரியாக இருக்கும். அட்டையோ புத்தம் புதுசு. பவுடருக்கென்று அவர்கள் தருகிற பணம் மிச்சம்.

ஷூவுக்கு ஒன்பது சிலிண்டர் ஆனது. வெயில் கண்ணாடிக்கு ஆறு. தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு போனபோது மனைவி, "இந்த வயசுல யாரை மயக்கப் போறீங்க?" என்று சிரித்தாள். அவள் சிரித்துப் பல வருடம் ஆகியிருந்தது, அதையும் வரவில் வைக்க வேண்டும். நீச்சல் வகுப்புக்கு ஒரு பள்ளிக்கூடம் முழுக்கத் தேவைப்பட்டது. நான் பொய்க் கணக்கு எழுதுகிறவன் இல்லை. எந்தச் செலவு எந்த இடத்துப் பவுடரில் வந்தது என்று பக்கத்திலேயே குறித்திருக்கிறேன். அந்தப் பள்ளிக்கூடம் இருபதாம் பக்கத்தில் இருக்கிறது. அந்தச் சிலிண்டர்கள் இன்னும் அங்கேதான் மாட்டியிருக்கின்றன. வேண்டுமானால் ஆள் அனுப்புங்கள்.

நிம்மதி வந்ததா என்றால், வரவில்லை. ஒன்றை வாங்கினால் ஒரு நாள் நன்றாக இருக்கும். மறுநாளே நெஞ்சு பரபரக்கும், கடைத்தெருவைச் சுற்றச் சொல்லும். நல்ல மெத்தை வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மெத்தைக்கு எதிரே எழுதியிருப்பதுதான் தையல் கூடம்.

இரண்டாவது மாடி, பன்னிரண்டு சிலிண்டர். மதியம் இஸ்திரி மேசையில் தீ பிடித்திருக்கிறது. ஓடிப் போயிருக்கலாம். ஆனால் அந்தப் பெண்கள் தைரியமானவர்கள், சுவரிலிருந்து இறக்கி அடித்திருக்கிறார்கள். ஒன்று வேலை செய்யவில்லை என்றதும் அடுத்தது, அதற்கடுத்தது. பதினொன்றிலும் காற்று மட்டும் வந்திருக்கிறது. நெருப்பில் காற்று அடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பன்னிரண்டாவது என் தங்கையின் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. ஆமாம் சார், அவள் அங்கேதான் தைக்கிறாள். அதில் பவுடர் வந்தது. படிக்கட்டு வரை அணைத்துக்கொண்டே நான்கு பேரோடு இறங்கிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். "மத்ததுல எல்லாம் வெறும் காத்துதான் வந்துது அண்ணா. என்னோடதுல மட்டும் எப்படி பவுடர் வந்துது?" என்று கேட்டாள்.

"உன் நல்ல நேரம்மா" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதையும் கணக்கு எழுதி வைப்பவன் என்று அவளுக்குத் தெரியும். நேராக என் வீட்டுக்குப் போய், பீரோவைத் திறந்து, இந்த நோட்டை எடுத்துவந்து உங்களிடம் கொடுத்திருக்கிறாள். எட்டு வயதிலிருந்து வளர்த்த அண்ணனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இங்கே என்னைப் பார்க்க நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை.

நீங்கள் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிற வரியை நானே படிக்கிறேன். 'தங்கை நாற்காலிக்குப் பின்னால், புதுப் பவுடர், ஐந்து கிலோ.' என் கையெழுத்துதான். எது அணைக்கும், எது அணைக்காது என்று எனக்குத் தெரியும். மாட்டும்போதே தெரியும். அந்த ஏழு பேருக்குப் பின்னால் இருந்தவற்றையும் நான்தான் மாட்டினேன், அவர்கள் தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். தெரிந்தேதான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இதையும் சேர்த்து எழுதுங்கள் சார். அந்த ஐந்து கிலோவை என் சொந்தச் செலவில்தான் வாங்கினேன். அதை ஒரு நாளும் அவளிடம் சொல்லிக் காட்டியதில்லை.