கடை பார்க்க வந்தவர்

...அதைத்தான் தம்பி நானும் கேக்கறேன்! சாவி என்கிட்ட இருக்கணுமாம், வாய் மட்டும் தலைவர்கிட்ட இருக்கணுமாம். நேத்து சாயங்காலம் வந்து நிக்கறாரு. இந்தத் தெருவுக்குச் சங்கம்னு ஒண்ணு இருக்கே, அதுக்குத் தலைவர். "காய்கறிக் கம்பெனியிலேருந்து கடை போட இடம் பாக்க ஆள் வர்றாங்க. நீங்க ஷட்டரைத் தூக்கி விடுங்க, உக்கார வைங்க, நாங்க எல்லாரும் வர்ற வரைக்கும் தயவுசெஞ்சு வாயத் திறக்காதீங்க"ங்கறாரு. அதென்ன தயவுசெஞ்சு? நான் பாட்டுக்குப் பக்கத்து ரூம்ல தையல் மிஷினை மிதிச்சுக்கிட்டுக் கெடக்கறேன். நானா போய் யார்கிட்டயாவது பேசியிருக்கேனா?

உக்காருங்க. ஐயய்யோ, அந்த ஸ்டூல் வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. நீங்க சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டீங்க, அவங்க வர லேட்டாகும். தலைவர் கண்ணாடி முன்னாடி நின்னா லேசுல நகர மாட்டாரு.

அளக்கறீங்களா? அளங்க, அளங்க. டேப்போட அந்த முனையக் குடுங்க, நான் பிடிச்சுக்கறேன்... ஒழுகுமாவா? சேச்சே. மழை பெஞ்சாத்தான் ஒழுகும். மத்த நேரத்துல ஒரு சொட்டு கிடையாது. எலியா? இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். கடை மூடுனதும் அதுவும் போயிடுச்சு. திங்கறதுக்கு ஒண்ணும் இல்லாத தெருவுல எலி எதுக்குத் தம்பி இருக்கப் போகுது? எங்களுக்குத்தான் வேற போக்கிடம் இல்ல.

நெஜமாத்தான் சொல்றேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் பூரா அலைஞ்சாலும் ஒரு தக்காளி வாங்க வழி கிடையாது. பெட்ரோல் பங்க் ஒண்ணு இருக்கு, வர்ற வழியில பாத்திருப்பீங்க. அங்க எல்லாம் கிடைக்கும். சிப்ஸ் கிடைக்கும், கலர் கலரா குடிக்கறதுக்குக் கிடைக்கும், பிஸ்கட், ரொட்டி, கார் தொடைக்கற துணி. காய் இருக்கான்னு கேட்டா அந்தப் பொண்ணு என்னை மேலயும் கீழயும் பாக்குது. ஒரு தடவை யோசிச்சு யோசிச்சு ஊறுகாய் பாட்டிலை எடுத்துக் குடுத்துச்சு. பாவம், அதுவும் என்ன பண்ணும்.

காய் வேணும்னா ரெண்டு பஸ் மாறணும். பெரிய மார்க்கெட் ஹைவேக்கு அந்தப் பக்கம் இருக்கு. போறது சுலபம், கையை வீசிக்கிட்டுப் போயிடலாம். திரும்பி வர்றதுதான்... டிரைவர் பையைப் பாத்ததுமே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான். ஒரு நாள் பை கிழிஞ்சு உருளைக்கிழங்கு பூரா அவன் காலடிக்கு உருண்டு போச்சு. பிரேக் போட முடியலன்னு கத்தறான். நான் என்ன, வேணும்னேவா உருட்டி விட்டேன்? ஆனா ஒண்ணு, பஸ்ல இருந்த அத்தனை பேரும் குனிஞ்சு பொறுக்குனாங்க. நல்ல மனுஷங்க. பாதி என் பைக்குத் திரும்பி வந்துடுச்சு.

ஃபோன்ல ஆர்டர் பண்ணலாமேன்னுதானே கேக்க வர்றீங்க? பண்ணாம இருப்போமா! எதிர்வீட்டு நர்சம்மாவோட பொண்ணு ஃபோன்ல போட்டுப் பாத்துச்சு. அந்த மேப்புல பாலத்தோட உலகம் முடிஞ்சு போகுது தம்பி. இந்தப் பக்கம் வெறும் சாம்பல் கலர். நாங்கன்னு ஒருத்தர் இருக்கறதே அதுக்குத் தெரியல. கரண்ட் பில்லு போடறவனுக்கு மட்டும் நல்லாத் தெரியுது.

இதை ஏன் இவ்வளவு சொல்றேன்னா... மேல எங்க வீட்டுக்காரர் படுத்திருக்காரு. சுகர். போன மழைக்காலத்துல கால் கட்டைவிரலை எடுத்துட்டாங்க. லாரி ஓட்டுன மனுஷன், இன்னைக்கு மாடிப்படி இறங்கறதுக்கே என் தோள் வேணும். டாக்டரம்மா சொல்றாங்க, "ரொட்டி பிஸ்கட்டையெல்லாம் விட்டுடுங்க, தினமும் காயும் கீரையுமா நெறைய சாப்பிடுங்க"ன்னு. நல்லாத்தான் சொல்றாங்க. எங்க போறதுன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. நான் தைக்கறதா, பஸ் ஏறுறதா? வாரத்துக்கு ஒரு தடவை தூக்கிட்டு வர்றது பாதி வாரத்துக்குக்கூட வராது. அப்புறம் பங்க்ல வாங்குன ரொட்டிதான். அந்த மனுஷன் வாயைத் திறந்து ஒண்ணும் கேக்க மாட்டாரு. குடுத்ததைத் தின்னுட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாரு.

எனக்குப் பயமா இருக்கு தம்பி. வாய் இப்படிப் பேசுதே ஒழிய உள்ளுக்குள்ள பயம்தான். அடுத்த விரலையும் எடுக்கணும்னு சொல்லிடுவாங்களோன்னு. நீங்க இங்க கடை போட்டீங்கன்னா அந்தக் கால் தப்பிச்சுக்கும். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. இதுக்கு மேல பேச வேணாம்னு தலைவர் சொல்லியிருக்காரு.

முன்னாடி இங்க கடை வெச்சிருந்தவரா? இருந்தாரே. கண்ணாடிக்காரர்னு கூப்பிடுவோம், கண்ணாடிக்குக் கயிறு கட்டி மாட்டியிருப்பாரு. தங்கமான ஆளு. ஏன் போனாருன்னு மட்டும் கேக்காதீங்க... சரி, கேட்டுட்டீங்க. சொல்லாட்டி மரியாதையா இருக்காது.

இந்தப் பெட்டி என்ன? ஓ, சங்கத்துக்காரங்களுக்குக் காட்டறதுக்கா? உங்க கம்பெனிக் காயா! திறங்க, பாப்போம்... அடடே! வெண்டைக்கா! பச்சைப்பசேல்னு இருக்கே தம்பி. கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு வெண்டைக்கான்னா உசுரு. நல்லாத்தான் இருக்கு பாக்கறதுக்கு, ஆனா பாத்துச் சொல்ல முடியாது பாருங்க. இப்படி முனையைப் பிடிச்சு... டக். கேட்டுச்சா? இது இளசு. உடையாம வளைஞ்சு குடுத்துச்சுன்னா முத்தல், ஆட்டுக்குத்தான் போடணும். இது... டக். இதுவும் இளசு.

ஆங், என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? கண்ணாடிக்காரர். அவருக்கு இதான் தம்பி பிடிக்கல. நாங்க காலையில வருவோம், தெருவே வரும். வந்தா வெண்டைக்காய உடைச்சுப் பாப்போம். டக். பாக்காம எப்படி வாங்கறது, நீங்களே சொல்லுங்க? நல்லதா ஒரு கை அள்ளிக்குவோம், மத்ததை அங்கேயே போட்டுட்டு வருவோம். அடுத்து வர்றவ, முனை உடைஞ்சதை வாங்குவாளா? எவளோ தொட்டதாச்சேன்னு அடியில கையை விட்டு முழுசா இருக்கறதை எடுத்து உடைப்பா. டக். மத்தியானத்துக்குள்ள பெட்டியில இருக்கற அத்தனைக்கும் முனை இருக்காது. சுரைக்கான்னா நகத்தை வெச்சுப் பாக்கணும். தேங்காயைத் தட்டிப் பாக்கணும். நர்சம்மா பூசணிக்காயையே தட்டிப் பாப்பாங்க, அதுல என்ன தெரியுமோ அவங்களுக்குத்தான் வெளிச்சம்.

அவரு எவ்வளவோ பொறுத்துப் பாத்தாரு. டக். அப்புறம் பிளாஸ்டிக் தாள் சுத்தி வெச்சாரு. தாளுக்கு மேலேயே விரலை விட்டு உடைச்சோம். அதுல என்ன தம்பி கஷ்டம்? கடைசியில ஒரு நாள் வந்து பாத்தா அட்டையில எழுதித் தொங்குது, 'தயவுசெய்து வெண்டைக்காயை உடைக்காதீர்கள்'னு. எங்களுக்கு வந்துச்சு பாருங்க ரோஷம்! நாங்க என்ன திருடறோமா? காசு குடுத்து வாங்கறவங்களைப் பாத்து இப்படியா எழுதறது? சங்கத்தைக் கூட்டுனோம். தலைவர்தான் மேஜையைத் தட்டுனாரு, "அட்டையை எடுக்கற வரைக்கும் ஒருத்தரும் அந்தப் படி ஏறக் கூடாது"ன்னு. ஒருத்தரும் ஏறல. அந்த விஷயத்துல எங்க தெருவை அடிச்சுக்க முடியாது.

ரெண்டு பஸ் மாறி அந்தப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனோம். டக். அங்க எல்லாத்தையும் கெட்டியா பாக்கெட் போட்டு அடைச்சு வெச்சிருக்கான், உடைக்கறதுக்கு வழியே இல்ல. பேசாம வாங்கிட்டு வந்தோம். பாதி முத்தல்.

கண்ணாடிக்காரர் ஒரு மாசம் தனியா உக்காந்திருந்தாரு. நான் தைச்சுக்கிட்டே இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கத்துலேருந்து கேட்டுக்கிட்டு இருப்பேன், ஈ ஓட்டற சத்தம்கூடக் கேக்கும். அழுகிப் போனதை அவரே அள்ளி அள்ளிக் கொட்டுனாரு. எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. போய் ஒரு கிலோ வாங்கிடலாம்னுகூட நெனச்சேன். ஆனா நான் போனா தெருவுல என்ன பேசுவாங்க? அப்புறம் ஒரு நாள் ஷட்டரை இறக்கிட்டு, சாவியை என்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டாரு. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தா நாங்களே திரும்பி வந்திருப்போம் தம்பி. ரோஷம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? அந்த மனுஷனுக்குப் பொறுமை பத்தல. டக்.

ஆனா நீங்க அப்படியெல்லாம் பயப்பட வேணாம். பெரிய கம்பெனி, உங்களுக்கு ரெண்டு வெண்டைக்கா ஒரு பொருட்டா? அட்டை மட்டும் எழுதித் தொங்க விட்டுடாதீங்க, அந்தப் பழைய கதையைத் தலைவர்கிட்ட கேக்கவே கேக்காதீங்க, கோபம் வந்துடும்... என்ன, எந்திரிச்சுட்டீங்க? டீ சொல்லியிருக்காங்களே! ஃபோனா? சத்தமே கேக்கலியே. ஓ, அடிக்காம வருமா? சரி சரி, பேசுங்க, வெளிய போயே பேசுங்க, உள்ள சிக்னல் கிடைக்காது. டேப்பை ஏன் சுருட்டறீங்க? பெட்டியை எதுக்குத் தூக்கறீங்க, இருக்கட்டும், இங்க யாரும் எடுத்துட மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்...

தம்பி... கார்ல உக்காந்தா பேசறீங்க? தம்பி! அதோ பாருங்க, தலைவர் வர்றாரு, பின்னாடியே நர்சம்மா, டீ ஃபிளாஸ்கோட வர்றாங்க. ஒரு நிமிஷம்... கண்ணாடியை ஏத்தாதீங்க தம்பி! என்ன தலைவரே என்னை முறைக்கறீங்க? நான் ஒண்ணுமே பேசல, வேணும்னா அவரையே கேட்டுக்கங்க... ஐயோ, வண்டியத் திருப்பறாரே! தம்பி! கடை போட வேணாம், போங்க, பரவாயில்ல, அந்த வெண்டைக்காயையாவது குடுத்துட்டுப் போங்க! மேல படுத்திருக்கற மனுஷனுக்கு இன்னைக்கு ஒரு நாள் ஆக்கிப் போடறேன். முனை உடைஞ்சதை இனி உங்ககிட்ட யார் வாங்கப் போறா? தம்பி! ஒவ்வொண்ணாப் பாத்துட்டேன் தம்பி, அத்தனையும் இளசு, ஒண்ணுகூட முத்தல் இல்ல!