சிங்கப்பூர் எவ்வளவு தூரம்

போன மாசம் அப்பா இறந்தபோது உடம்பை வைக்க ஐஸ் வாங்கிய அதே ராயபுரம் கடையில், நேற்று மீனுக்கு ஐஸ் வாங்க நின்றேன். முன்னால் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற இரண்டு பேர், ஒரு பெரியவரும் ஒரு இளைஞனும்.

"இன்னா மாமு, அம்மாவுக்கு பத்து பாரு ஐஸ் கட்டியா?"

"ஆறு நாளு வெச்சிக்கணுமேடா. தம்பி சிங்கப்பூர்லேர்ந்து வந்து மூஞ்ச பாத்தாதான எடுக்க முடியும்?"

"தந்தியில இன்னா போட்டுக்கீறான்?"

"இன்னிக்கு பிளேன்ல பொறப்படுறானாம்."

"அட இன்னா மாமு, எல்லாத்தையும் கப்பல் கணக்குலயே பாக்குற! பிளேனு நாலே மணி நேரம்."

"ரெண்டாயிரம் மைலாம்டா!"

"அதுக்குத்தான் நாலு மணி நேரம். சாயங்காலம் வூட்ல நிப்பான்."

பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்காரரிடம் திரும்பினார்.

"ரெண்டு பாரு போதும்ப்பா. அம்மா இன்னும் தூங்குற மாரிதான் கீது. அப்டியே பாத்துடுவான்."