சீருடையைக் கழற்றிவிட்டு வந்தவன்

— ஒரு பட்டாளக்காரனை என்ர வீட்டில படுக்க வைக்க ஏலாது யசோ. சொன்னாச் சொன்னதுதான்.

— இஞ்சருங்கோ, மெதுவாக் கதையுங்கோ. ஹீத்ரோ எயார்போட்டில, இத்தினை சனத்துக்கு நடுவில நிண்டுகொண்டே இதைக் கத்தோணும்? பட்டாளக்காரன் எண்டாலும் கிருஷாந் உங்கட சொந்தத் தமையன்ர பிள்ளை.

— அதாலதான் எனக்கு வயிறு எரியுது. ஊரில இலங்கை ஆமிக்குப் பயந்து அண்ணையும் நானும் ஒண்டா ஓடிவந்தனாங்கள். நான் லண்டனில நிண்டிட்டன், அண்ணை அமெரிக்காவுக்குப் போனார். போய், பெத்த பிள்ளையை அங்கத்தை ஆமிக்குக் குடுத்திட்டு இருக்கிறார்!

— அதுக்காக ரெண்டு வருசமா அந்த மனிசனோட ஒழுங்காக் கதையாமல் இருக்கிறியள். தாயில்லாப் பிள்ளை, லீவில வாறான் போல. ஹவுன்ஸ்லோவில எங்கட வீடு இருக்க அவன் ஹோட்டலிலயே நிக்கிறது? மேல் அறையில கட்டில் எல்லாம் விரிச்சுப்போட்டுத்தான் வந்தனான்.

— நீ நியூஸ் பாக்கிறேல்லையே? அங்க இப்ப தெருத்தெருவாத் துவக்கோட நிக்கிறது ஆர்? வேலைத்தலங்களுக்குள்ள பூந்து, விசா இல்லாத சனத்தைப் பிடிச்சுப் பிளேன் ஏத்துறாங்கள். கண்டபாட்டுக்கு வரியைப் போட்டு, வெளிநாட்டுச் சாமான் இறக்கிற கடையள் எல்லாம் பூட்டுப்படுது. அண்ணை வேலை செய்த கடையும் பூட்டியாச்சாம். அந்த அரசாங்கத்துக்கு எங்கட வீட்டில இருந்து ஒரு சேவகம்!

— விடிய ஷிப்ட் முடிச்சு வந்தால் உங்களுக்கு உலகம் முழுக்கப் பிழைதான். கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, வாறவையைப் பாக்க ஏலாமக் கிடக்கு… அந்தா வாறான்! கிருஷாந்! தம்பி, இஞ்சால!

— ஹாய் சித்தி. சித்தப்பா…

— வா ராசா. என்ன இப்பிடி மெலிஞ்சு போனாய்? ஒரு சின்னப் பாக் மட்டுமே? எத்தினை நாள் லீவு?

— லீவு இல்லைச் சித்தி. ஆமியை விட்டிட்டன். ஒருத்தருக்கும் சொல்லேல்ல. ஜஸ்ட்… வந்திட்டன்.

— ஐயோ! சொல்லாமலே? பிடிச்சா ஜெயிலில போடுவாங்களே!

— பிடிக்கட்டும் யசோ, பாப்பம்! இவன்தானடி எங்கட ரத்தம். வாடா மகனே, அந்தப் பாக்கைத் தா. ஆமி உடுப்பைக் கழட்டிப்போட்டு வா, கதவு திறந்திருக்கும் எண்டு நான் போனில சொன்னது உனக்கு விளங்கியிருக்கு.

— நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கோ! ஒண்டும் தெரியாமல்…

— எனக்கு என்ன தெரியாது?

— இவன் ஏன் போய்ச் சேர்ந்தவன் எண்டு தெரியாது. உங்கட அண்ணைக்கு இன்னும் அங்க விசா இல்லை. வழக்கெல்லாம் தோத்துப்போச்சு. மகன் ஆமியில இருந்தால் தகப்பனைத் திருப்பி அனுப்பமாட்டினம் எண்டு லோயர் சொல்லித்தான், அங்க பிறந்த பொடியன் எண்டபடியால், இவன் சேர்ந்தவன்.

— இதை ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல?

— சொல்ல விட்டியளே? அவர் போன் எடுத்தால், ஆமி ஆமி எண்டு கத்திப்போட்டு வைக்கிறது. என்ர தம்பிக்குச் சொல்லாதை, அவன் தாங்கமாட்டான் எண்டு உங்கட அண்ணைதான் என்னட்டைச் சொன்னவர்.

— கிருஷாந்… சித்தி சொல்லுறது உண்மையே?

— ஓம் சித்தப்பா.

— அப்ப நீ இஞ்சை என்னடா செய்யிறாய்? திரும்பிப் போ! அடுத்த பிளேனிலயே போ. சுகமில்லாமப் போச்செண்டு சொல்லு, தலை குழம்பிப் போச்செண்டு சொல்லு. காலில விழவேணுமெண்டால் விழு. அந்த உடுப்பைத் திரும்பப் போடு ராசா.

— நீங்களோ சித்தப்பா இதைச் சொல்றது?

— நான்தான் சொல்லுறன். நான் கத்தினது முழுக்க விசர்க்கதை எண்டு வை. உன்ர அப்பரை ஊருக்குப் பிளேன் ஏத்தினால் அந்த மனிசன் அங்க ஆரிட்டைப் போறது? இந்த வயசில?

— அப்பாவைப் போன கிழமையே பிடிச்சிட்டாங்கள். ஒவ்வொரு மாசமும் இமிகிரேஷன் ஆபீஸில கையெழுத்து வைக்கப் போறவர். அந்த ஆபீஸுக்குள்ளயே வைச்சுப் பிடிச்சவங்கள். நான் ஆமியில இருக்கிற லெட்டரைக் காட்டினவராம். அவங்கள் அதைப் பாக்கவே இல்லையாம்.

— கடவுளே… தம்பி, அப்ப நீ அங்க நிண்டு அவருக்காக ஏதும் செய்யாமல் ஏனடா ஓடி வந்தனீ?

— அவரைப் பிடிச்சு வைச்சிருக்கிற தடுப்பு முகாமுக்குத்தான் சித்தி, என்னைத் துவக்கோட காவலுக்குப் போட்டவை.