திரிந்த மருந்து

சித்திரை மாதத்தில் தேனியில் கரன்ட் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஆய்வகத்து பிரிட்ஜைக் கடைசி எண்ணுக்குத் திருப்பி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மருந்து குளுமையாக இருக்கட்டும் என்ற முன்யோசனை. அன்றைக்குப் பார்த்து கரன்ட் போகவே இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார்.

காலையில் பின்வரிசையில் பன்னிரண்டு குப்பிகள் உறைந்து கிடந்தன. உருகியதும் ஆட்டிப் பார்த்தேன். திரிந்த பால்போல அடியில் வெள்ளைத் திப்பி.

விசாரிக்க வந்திருக்கிறீர்கள், மருந்தைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். சர்க்கரைப் புண்ணில் கிருமிகள் தங்களைச் சுற்றி வழுவழுப்பாக ஒரு படலம் கட்டிக்கொள்ளும். உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரைத் தடவிப் பாருங்கள், அதே சங்கதிதான். எந்த ஊசி மருந்துக்கும் அது வழிவிடாது. நான் மருந்தை நானோ துகள்களில் அடைத்தேன். அவை படலத்துக்குள் நுழைந்து, உள்ளே போய்த்தான் மருந்தைக் கக்கும். உறைந்துவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் புண்ணின் மேலேயே கிடக்கும். இந்தப் பள்ளத்தாக்கு விவசாயிக்கு நானோ என்றால் சொசைட்டியில் விற்கிற 'நானோ யூரியா' பாட்டில். அவர்களுக்கு விளக்கி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

சோதனையில் எட்டு நோயாளிகள். கெட்டுப்போனது ஒருவருக்கான மருந்து. புதிதாகத் தயாரிக்க மூன்று வாரம் ஆகும், அதற்குள் சென்னையிலிருந்து ஆய்வுக் குழு வந்துவிடும். பிரிட்ஜை வைக்கத் தெரியாதவன் என்று அவர்கள் முன் நிற்பதா? எட்டுப் பேரில் யாருக்கு நல்ல மருந்து வீண் என்று யோசித்தேன்.

கருத்தம்மாள் நினைவுக்கு வந்தார். கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம், இடது குதிகாலில் புண். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற பஸ் ஏறி வருவார். போன முறை வந்தபோது கேட்டிருந்தார்.

"சார், வீரபாண்டித் திருவிழாவுல கௌமாரிக்குத் தீச்சட்டி எடுக்கறதா நேந்திருக்கேன். போயிட்டு வந்துரட்டுமா?"

"கூடாதும்மா. கால்ல தண்ணி படக்கூடாது."

"சரிங்க சார். டாக்டர் சொன்னாச் சரிதான்."

நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, மருந்தியலில் பட்டம் வாங்கிய டாக்டர். அந்த வித்தியாசம் இங்கே யாருக்குத் தெரியும். அந்தச் 'சரி'யையும் நான் நிறையக் கேட்டவன். இங்கே தலையை ஆட்டிவிட்டு, அங்கே ஆற்றில் முங்கி, ஈரச் சேலையோடு வெறுங்காலில் சட்டியைத் தூக்குவார்கள்.

திரிந்த குப்பிகளை அவருக்கு ஒதுக்கினேன். பன்னிரண்டு முறையும் நானே தடவினேன். ஏழாவது முறை சீழ் பச்சையாக வந்தது.

"ஆறுதுங்களா சார்?" என்று கேட்டார். ஆறுகிறது என்றேன். காலில் அவருக்கு உணர்ச்சி கிடையாது. அது ஒரு வசதி.

கோப்பில் 'திருவிழாவில் வெறுங்காலுடன் நடந்தார், புண் நனைந்தது' என்று எழுதியதும் நான்தான். அதன் தேதி திருவிழாவுக்கு நான்கு நாள் முந்தையது என்று கண்டுபிடித்துவிட்டீர்கள், சந்தோஷம். எப்படியும் எழுதவேண்டிய வரி, கை ஓய்வாக இருந்தபோது எழுதிவிட்டேன்.

திருவிழா முடிந்த வாரத்தில் காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். அதற்குள் கிருமி ரத்தத்தில் ஏறியிருந்தது. ஒன்பதாம் நாள் இறந்துபோனார். வேலை செய்யாத மருந்து என்று தெரிந்தேதான் வைத்தேன். ஒவ்வொரு முறையும் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. உங்களுக்கு வேண்டிய வாக்கியம் இதுதான் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

காரியம் முடிந்த மறுநாள் அவர் மகன் அழகுமலை என்னைப் பார்க்க வந்தார். கையில் ஒரு பை பன்னீர் திராட்சை.

"ஆத்தா ஒங்க பேச்சத் தட்டவே இல்ல சார். கட்டு மாத்த வந்தது தவிர திருவிழா பூராவும் வாசப்படி எறங்கல. 'டாக்டர் வேணாம்னு சொன்னாக'ன்னு கட்டில்லயே கெடந்துச்சு. நேந்தத விட்டதுக்கு அந்தக் கௌமாரி கோவிச்சுக்கிட்டா போல. ஒங்க மேல ஒரு கொறையும் இல்ல."

திராட்சையை வாங்கிக்கொண்டேன். அவரிடம் என்னத்தை விளக்குவது. இந்த ஜனங்களைத் திருத்தவே முடியாது சார். ஏதாவது நடந்துவிட்டால், தாங்கள் என்ன செய்தோம் என்று மட்டும் பார்க்கவே மாட்டார்கள். யார் தலையிலாவது பழியைப் போட்டால்தான் இவர்களுக்குத் தூக்கம் வரும்.