மிச்சம் ஐந்து பேர்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, துணையை இழந்து நிற்கும் பினாகி பாதுரி அவர்களே, ஆய்வகத் தோழர்களே, வார்டு வேலைக்கு நடுவே ஓடி வந்திருக்கும் செவிலியர்களே! சம்பங்கி மாலைக்குள்ளிருந்து சிரிக்கும் அந்த முகத்தைப் பார்த்துப் பேச எனக்குத் துணிவில்லை. உங்களைப் பார்த்தே பேசுகிறேன்.

டாக்டர் சுபர்ணா பாதுரி! கொல்கத்தாவுக்கு அவர் பெரிய விஞ்ஞானி. எங்களுக்குத் தீதி, அக்கா. இருபத்தாறு ஆண்டுகள் அவர் கேட்டது ஒரே கேள்வி. அடிபட்ட இடம் சிவந்து வீங்குகிறதே, அந்த அழற்சி மார்புக்குள் ஆறாமல் புகைந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்? புற்றுநோய்க்கு அது இடம் பண்ணிக் கொடுக்கிறதா?

நான் சேர்ந்த அன்றே இலிஷ் மீன் குழம்பை என் முன்னால் வைத்தார். முள்ளோடு நான் பட்ட பாட்டைப் பார்த்து, "அவசரப்படாதடி கேயா. மீனை அவசரமாத் தின்றவ ஸ்லைடையும் அவசரமாத்தான் பார்ப்பா" என்றார். அப்படிப்பட்டவரா அவசரப்பட்டார்? ஆம், ஒரே ஒரு முறை. அவசரப்படுத்தியவள் நான்!

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத பெண்களின் திசு தேவைப்பட்டது. "நல்லா இருக்கறவ எதுக்குடி ஊசிக்கு மார்பைக் காட்டுவா? நாமதான் கொடுக்கணும்" என்றார் தீதி. முதலில் அவர் கொடுத்தார், அடுத்து நான். வார்டு, அலுவலகம், சமையலறை என்று முப்பது பெண்கள் சேர்ந்தோம். பெயரை நீக்கி எண் மட்டும் இட்டோம். எந்த எண் யாருடையது என்ற தாளை விதிப்படி அழித்தோம்.

முப்பதில் ஆறு ஸ்லைடுகளில் அழற்சி தெரிந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எடுத்த விதம் சரியில்ல தீதி. நல்லா இருக்கறவங்களுக்கு இது எப்படி வரும்? ஒதுக்கிடலாம்." பூஜை விடுமுறைக்குள் கட்டுரையை அனுப்ப வேண்டும். அவரும் தலையாட்டிவிட்டார். உலகத்தையே சந்தேகப்பட்டோம், எங்களைச் சந்தேகப்படவில்லை! ஆறும் ஒரு காலி சந்தேஷ் இனிப்பு டப்பாவுக்குள் போயின.

போன ஆண்டு தீதிக்கே நோய் வந்தது. கட்டிலில் படுத்தபடி அந்த டப்பாவைத்தான் கேட்டார். ஸ்லைடுகளின் மரபணுவைத் தன் ரத்தத்தோடு ஒப்பிடச் சொன்னார். ஒன்று பொருந்தியது.

"நாலாம் நம்பர் நான்தான்டி" என்றார். நான் அழுதேன். "அழறதுக்கு அப்புறம் நேரம் கிடக்கு. மிச்சம் அஞ்சு பேரு யாருன்னு பாரு. அவளுங்க இப்போ எங்கயாவது பஸ்ஸுக்கு ஓடிக்கிட்டு இருப்பாளுங்க."

இருபத்தொன்பது பேருக்கும் கடிதம் போட்டோம். பதினோரு பேர் வந்தார்கள். ஒருவருடையதும் பொருந்தவில்லை. மகிழ்ச்சிதான்! ஆனால் கணக்கு உங்களுக்கே புரியும். வராத பதினெட்டு பேருக்குள் ஐந்து பேர் இருக்கிறார்கள். பலர் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். கதவோரம் போய் நிற்பவர்களும் எனக்குத் தெரிகிறார்கள்.

அழற்சி இருந்தால் நோய் வந்தே தீரும் என்று தீதி ஒருநாளும் சொன்னதில்லை. பார்க்காமல் இருந்துவிடாதீர்கள் என்றுதான் சொன்னார். பிறகு ஏன் வரவில்லை? பயம்! எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பதினெட்டில் நானும் ஒருத்தி. உங்களுக்குக் கடிதம் எழுதிய இந்தக் கை, இன்றுவரை ஊசிக்கு நீளவில்லை. சாகும்வரை தீதி கேட்டுக்கொண்டே இருந்தார், "உன்னோடது பார்த்தாச்சா?" என்று. "பார்த்தாச்சு தீதி" என்று பொய் சொன்னேன்.

இனி அந்தப் பொய் வேண்டாம். ஐந்து ஸ்லைடுகளுக்கும் ஆள் தெரியும்வரை இந்தத் தேடலை நான் விடமாட்டேன். தீதியின் முன் இது என் உறுதி. பக்கத்து அறையில் செவிலியர் காத்திருக்கிறார். நான் இறங்கி நேராக அங்கேதான் போகிறேன். எனக்குப் பின்னால் பதினேழு நாற்காலிகள் போட்டிருக்கிறோம்.