பருத்திப்பட்டு ஏரிக்கரைக் கம்பம்

பகல் பன்னிரண்டு மணி. ராத்திரி இல்லை... நல்ல உச்சிவெயில். பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகிற சாலையில், பருத்திப்பட்டு ஏரிக்கரை. இந்தப் பக்கம் பார்த்தாலும் ஆள் இல்லை. அந்தப் பக்கம் பார்த்தாலும் ஆள் இல்லை.

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அரக்கோணம் வண்டி இப்போதைக்கு வருகிற மாதிரித் தெரியவில்லை. யுத்தம் என்று ஸ்டேஷன் விளக்குக்கெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டிவிட்டார்கள். அம்பத்தூர்க் கொசுவை அடித்துக்கொண்டு சும்மா இருப்பதற்கு இதைக் கேளுங்கள்.

எனக்கு நடந்ததில்லை. என் சிநேகிதன் ராஜசேகரனுடைய பெரியப்பா மகன் வீரராகவனுக்கு நடந்தது. போன வருஷம், ஆடி மாதம்.

வீரராகவனுக்குச் சொந்த ஊர் சென்னீர்குப்பம். நிலம் நீச்சு உள்ள குடும்பம். பள்ளிக்கூடப் படிப்பை முடித்துவிட்டு, டெலிபோன் வேலையும் பழகிக்கொண்டான். அந்தச் சமயத்தில்தான் ஆவடியில் பட்டாள முகாம் வந்தது. முகாமுக்குப் பூந்தமல்லியிலிருந்து டெலிபோன் லைன் இழுக்க ஒரு காண்டிராக்டர் ஆள் எடுத்தார். வீரராகவனுக்குச் சூப்பர்வைசர் வேலை. காக்கி அரைக்கால் சட்டை, தலையில் தொப்பி, தோளில் தோல்பெட்டி. பெட்டிக்குள் டெலிபோன். அதைக் கம்பியில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றினால் அந்த முனையில் மணி அடிக்கும். சென்னீர்குப்பத்தில் அந்தப் பெட்டியைப் பார்க்கவே கூட்டம் கூடும். அவன் அப்பா பரந்தாமன் ஊரில் யாரிடமும் அதைப் பற்றிப் பெருமை பேசாமல் விட்டதில்லை.

வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அன்றைக்கு ஏரிக்கரையில் ஒரு கம்பம் நட்டார்கள். முந்தின நாள் நல்ல மழை. மண் சேறாக இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் கம்பம் நட்டால், அது சாயாமல் இருக்க ஒரு பக்கம் கம்பி போட்டு இழுத்துக் கட்டவேண்டும். கம்பியின் அடிமுனையை ஒரு பெரிய கல்லில் கட்டிக் குழியில் புதைப்பார்கள். அந்தக் கம்பி கட்டுகிறவரை கம்பத்தில் யாரும் ஏறக்கூடாது. பழகுகிறபோது முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடமே இதுதான். வீரராகவனுக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் காலையில் முகாமிலிருந்து வெள்ளைக்காரத் துரை நேரில் வந்திருந்தார். மதியத்துக்குள் இந்தக் கம்பம் வரைக்கும் லைன் வந்துவிடும் என்று வீரராகவன் வாய் விட்டிருந்தான். யாரும் கேட்கவில்லை. அவனாகத்தான் சொன்னான்.

மேஸ்திரி செங்கல்வராயன் மற்ற ஆட்களோடு தோப்புப் பக்கம் சாப்பிடப் போய்விட்டார். கல்லைக் குழிக்கு இறக்க ஆள் வேண்டும், சாப்பிட்டு வந்து எல்லோருமாக இறக்கிவிடலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கம்பம் ஏறுகிற கூலியாள் துலுக்கானம் மட்டும் போகவில்லை. பக்கத்துக் குடியிருப்பில்தான் அவன் வீடு. வேம்புலியம்மன் கோயிலுக்கு மஞ்சள் காப்புக் கட்டியிருந்தான். விரதம். பகலில் சாப்பாடு கிடையாது. கம்பத்தடியில் குந்தியிருந்தான்.

வீரராகவன் கம்பத்தை அண்ணாந்து பார்த்தான். சாலையைப் பார்த்தான்.

"ஏறு. கம்பி தாங்குற பீங்கானை மட்டும் மாட்டிட்டு எறங்கிடு."

துலுக்கானம் கம்பி கட்டாத பக்கத்தை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் வீரராகவனைப் பார்த்தான். ஏறினான்.

கம்பம் சடாரென்று விழவில்லை. உட்கார்ந்தபடி தூங்குகிறவன் தலை சாய்வதுபோல... மெதுவாக. மேலேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் கரையில் அடுக்கியிருந்த கல்மேல் 'சொத்' என்று ஒரு சத்தம். ஈரச் சாக்கைத் தூக்கிப் போட்ட மாதிரி.

கம்பம் பாதி சாய்ந்தபடியே நின்றுவிட்டது.

துலுக்கானத்துக்கு உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. கை கால் அசையவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "சார்... தண்ணி."

வீரராகவன் ஓடினான். முந்தின கம்பம் வரை லைன் இருந்தது. கீழே தொங்கிய கம்பியில் பெட்டியை மாட்டினான். கைப்பிடியில் கை வைத்தான். ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால் போதும். பூந்தமல்லி முனையில் மணி அடிக்கும்; அங்கே ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் வண்டி எப்போதும் நிற்கும்.

சுற்றவில்லை.

முதலில் என்ன கேட்பார்கள்? கம்பி கட்டியிருந்ததா என்றுதான் கேட்பார்கள். அது அவன் மனதில் ஓடிற்று. பெட்டியை அப்படியே கீழே வைத்தான். திரும்பி வந்தான். துலுக்கானம் கிடந்த பக்கம் பார்க்காமல், கல்லைப் பிடித்தான்.

அந்தக் கல்லைக் குழிக்குள் தள்ளினான். கம்பியைக் கட்டினான். சாய்ந்த கம்பத்தை இழுத்து நிமிர்த்தி முறுக்கினான். கடப்பாறையால் மண்ணைத் தள்ளி மூடினான். காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தினான். இவ்வளவு நேரமும் பின்னால் அந்தக் குரல்... "சார்... சார்..." என்று. இவன், "கொஞ்சம் பொறு... இதோ... கொஞ்சம் பொறு" என்று சொல்லிக்கொண்டே மிதித்தான். பக்கத்திலேயே ஏரி. தண்ணீர் கரையில் வந்து அலம்பிக்கொண்டிருந்தது.

பிறகு போய்க் கைப்பிடியைச் சுற்றினான். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால் துலுக்கானத்தின் உதடு அசைவது நின்றுவிட்டது.

மேஸ்திரி ஓடி வந்தார். செத்தவனைப் பார்த்தார். கட்டிய கம்பியைப் பார்த்தார். வீரராகவனின் உள்ளங்கை தோலுரிந்து ரத்தமாக இருந்தது. அதையும் பார்த்தார். கல்லை இறக்க யார் கை கொடுத்தது என்று மட்டும் கேட்டார். யாரும் இல்லை, நானேதான், காலையிலேயே இறக்கிவிட்டேன் என்றான் வீரராகவன். காலையில் அந்தக் கல் குழிக்கு வெளியே கிடந்ததை மேஸ்திரி பார்த்திருக்கிறார். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. கூலிக்கு வேலை செய்கிறவர்.

துரை வந்தார். கம்பி கட்டித்தானே இருக்கிறது, பின் எப்படி விழுந்தான் என்று கேட்டார்.

அப்போது வீரராகவன் இன்னொன்று சொன்னான். "கள்ளு வாடை வந்தது சார்" என்றான்.

அவ்வளவுதான். குடித்துவிட்டு ஏறினான், விழுந்தான் என்று விஷயம் முடிந்துவிட்டது. ஊர் முழுக்க அந்தப் பேச்சும் பரவிவிட்டது.

லைன் ஆவடிக்குப் போய்ச் சேர்ந்தது. பட்டாளத்தான்கள் பேச ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாள் போனது. பிறகு முகாமிலிருந்து புகார் வந்தது. மதியம் ஆனால் மணி அடிக்கிறதாம். எடுத்தால் யாரும் பேசுவதில்லையாம். யாரோ மண் வெட்டுகிற சத்தம் கேட்கிறதாம்.

தேடிப் பார்த்ததில் கோளாறு ஏரிக்கரைக் கம்பத்தில் என்று தெரிந்தது. அதில் ஏற ஒரு ஆளும் வரவில்லை. மேஸ்திரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். வீரராகவன்தான் ஏற வேண்டியதாயிற்று.

உச்சிவெயில். அதே சாலை. ஒரு காக்கை குருவி இல்லை. உச்சிக்குப் போய், இடுப்பு வாரை மாட்டிக்கொண்டு, பெட்டியைக் கம்பியில் சேர்த்தான். காதில் வைத்தான்.

முதலில் காற்று மாதிரி ஒரு இரைச்சல்...

அப்புறம் 'டங்'. கடப்பாறை கல்லில் படுகிற சத்தம். கம்பி முறுக்கும்போது வருகிற கிறீச். மண்ணை மிதிக்கிற சத்தம். பொத்... பொத்... யாரோ மூச்சு வாங்குகிறான். "கொஞ்சம் பொறு... இதோ... கொஞ்சம் பொறு."

அவன் குரல்தான். வீரராகவனுடைய குரல்தான். ஆனால் அவனுக்குக் கேட்ட மாதிரி இல்லை. தரையில் மல்லாந்து கிடக்கிறவனுக்கு எப்படிக் கேட்டிருக்குமோ... அப்படி. கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் மேலேயிருந்து. முதுகு காட்டி நிற்கிறவன் பேசுகிற மாதிரி.

காதோடு ஒட்டி, சின்னதாக... "தண்ணி."

பெட்டியைத் தூக்கி எறிந்திருக்கலாம். கை வரவில்லையாம். இது தனக்கு வேண்டும், முழுக்கக் கேட்க வேண்டும் என்று தோன்றிற்றாம். கேட்டான். அதனால்தான் அதுவும் காதில் விழுந்தது.

இரண்டாவது மூச்சு.

அவன் மூச்சோடு சேர்ந்து இன்னொருவனும் மூச்சு வாங்குகிறான். கல்லின் மறு பக்கத்தைப் பிடித்திருக்கிறவன் மாதிரி. துலுக்கானத்தின் குரல் இல்லை. தெரிந்த எந்தக் குரலும் இல்லை. நிதானமாக, பிரியமாக, வேலை சொல்லிக்கொடுக்கிற மாதிரி, "தள்ளு... இன்னும் கொஞ்சம்... யாரும் பாக்கல" என்றது.

எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. வேலைக்குத் திரும்பவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. நேராகத் துலுக்கானம் இருந்த குடியிருப்புக்குப் போனான். சென்னீர்குப்பத்துப் பரந்தாமன் மகன் அந்தத் தெருவில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. வேலைக்குக் கிளம்புகிற காலையில்கூடத் துலுக்கானத்தை ஆள் விட்டுத்தான் கூப்பிடுவான்.

துலுக்கானத்தின் பெண்சாதி பொன்னியம்மா வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். அவர்கள் எல்லோர் எதிரிலும் வீரராகவன் சொன்னான். துலுக்கானம் குடிக்கவில்லை, கம்பி கட்டாத கம்பத்தில் ஏற்றியது நான்தான், பழியை மறைக்கத்தான் கள் என்று சொன்னேன்... எல்லாவற்றையும் சொன்னான். தலை நிமிரவில்லை.

பொன்னியம்மா அழவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவுரு தண்ணி கேட்டாரா சார்?"

"கேட்டாரு."

"குட்த்தீங்களா?"

வீரராகவன் குனிந்த தலையை இல்லை என்று ஆட்டினான்.

அவள் தரையில் சிந்திய நெல்லைக் கையால் கூட்டினாள். "இத்த அன்னிக்கே சொல்லிருக்கலாம் சார். காப்பு கட்டிக்கினு குட்ச்சவன்னு, ஆத்தா கோவிச்சுக்குவான்னு, பொணம் தூக்கக்கூட ஆளு வரல. நானும் எங்க அண்ணனும்தான் தூக்கினோம். பொம்பள தூக்கினேன் சார் நான்."

சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். வராமல் போனவர்கள்தானே அவர்களும்.

வீரராகவன் அவள் காலில் விழப்போனான். அவள் நகர்ந்துகொண்டாள். கையைக் காட்டி, "போங்க" என்றாள். பிறகு அவன் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தாள். முகம் மாறியது. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள்.

"போங்க சார். ரெண்டு பேரும் போங்க."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவன் தனியாகத்தான் போயிருந்தான்.

மறுநாளே முகாமுக்குப் போய்த் துரையிடமும் சொன்னான். துரை சிரித்தாராம். யுத்தத்தில் எத்தனையோ பேர் சாகிறார்கள், போய் வேலையைப் பார் என்றாராம். தண்டனைகூடக் கிடைக்கவில்லை. லைனில் அப்புறம் ஒரு கோளாறும் இல்லை. துலுக்கானம் எதையும் கேட்டு வரவில்லை. சொல்ல வேண்டியது சொல்லியாகிவிட்டது என்று அவன் போய்விட்டான் போலிருக்கிறது.

போனது அவன் மட்டும்தான்.

இந்தத் தை மாதம் ராஜசேகரனுடைய தங்கை தாட்சாயிணிக்கு வானகரத்தில் கல்யாணம். நானும் போயிருந்தேன். வீரராகவன் வந்திருந்தான். இருபத்து மூன்று வயசுக்காரன், நாற்பது வயசு மாதிரி இருந்தான். யாரையும் முகம் பார்த்துப் பேசவில்லை. பந்தியில் ஓரமாக உட்கார்ந்தான். பக்கத்து இலையில் நான் உட்காரப் போனேன். கையை நீட்டித் தடுத்தான்.

"ஆள் இருக்கு" என்றான். சத்தமே வரவில்லை. கூனிக் குறுகிப்போய்ச் சொன்னான், ஏதோ அசிங்கத்தைச் சொல்லுகிற மாதிரி.

நான் எதிர் வரிசையில் உட்கார்ந்தேன். அந்த இலைக்கும் சோறு போட்டார்கள், சாம்பார் ஊற்றினார்கள். ஒருவரும் வரவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டேன்... பாயசம் வந்தபோது ஒரு நிமிஷம் குனிந்தேன். அவ்வளவுதான்.

நிமிர்ந்தபோது வீரராகவன் எழுந்து கை கழுவப் போய்விட்டான். அவன் இலையை எல்லோரையும்போலத் தன் பக்கமாக மடித்திருந்தான்.

பக்கத்து இலையும் மடித்திருந்தது. சாவு வீட்டில் மடிக்கிற மாதிரி... வெளிப்பக்கமாக.